ஏட்டிலிருந்து திரை வரை: தமிழ்ப் பக்கத்தின் தெளிவும் எளிமையும்

மொழி வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அம்மொழியிலே தோன்றிய நூல்களையும் அவற்றை ஆக்கியோரையும் பற்றியே பேசுவர். அந்நூல்கள் எத்தகைய பக்கத்தில் எழுதப்பட்டன, அப்பக்கத்தை வாசகன் எவ்வாறு வாசித்தான் என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறுவதில்லை. ஆயின், பக்கம் என்பது சொற்களைத் தாங்கும் வெறுங் கொள்கலன் அன்று. எவர் தாமே வாசிக்கலாம், எவர் பிறர் துணையை நாடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வகையில் பக்கத்தின் தெளிவு ஒரு சமுதாயப் பிரச்சினையாகும்.

இன்று வாசிக்கப்படும் பக்கங்களுட் பெரும்பாலானவை திரையிலே தோன்றுவன. அவற்றை ஆக்கும் முறையோ அண்மையில் மீண்டும் ஒருமுறை மாறியுள்ளது. 2022 நவம்பரில் சட்ஜிபிரி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்த பின்னர், ஓர் இணையத்தளத்தின் சொற்களையும் அமைப்பையும் நிரலையும் சில நிமிடங்களில் இயந்திரமே ஆக்கித்தரும் நிலை உருவாயிற்று. இந்நிலையில் இணையத்தள வடிவமைப்பிலே தெளிவும் எளிமையும் வேண்டும் என்னுங் குரல் பல திசைகளிலும் கேட்கிறது. இக்குரல் புதியதன்று. எழுதுகருவி மாறிய ஒவ்வொரு காலத்திலும் தமிழ்ப் பக்கம் இதே வினாவை எதிர்நோக்கியுள்ளது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதன் ஒளியில் இற்றை நிலையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுப் பக்கம்

பனையோலை ஏட்டிலே சொற்களுக்கிடையில் வெளி விடும் வழக்கம் இல்லை. அடி முடிந்த இடமும் செய்யுள் முடிந்த இடமும் பலவேளைகளிற் புலனாவதில்லை. மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியுண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தபோதும், ஏடெழுதியோர் பொதுவாகப் புள்ளியிடுவதில்லை. கூரிய எழுத்தாணியாற் குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்பது இதற்குக் கூறப்படுங் காரணமாகும். கால் என்னும் ஆகாரக் குறியும் ரகர எழுத்தும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எனவே, 'காகம்' என்பதும் 'கரகம்' என்பதும் ஏட்டிலே வேறுபாடின்றித் தோன்றும். 'கெடு' என எழுதப்பட்டிருப்பது 'கெடு'வோ 'கேடு'வோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

இவற்றைக் குறைபாடுகள் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், அக்காலச் சமுதாய அமைப்பில் இவை குறைபாடாகத் தோன்றவில்லை என்பதே உண்மை. ஏடு மனனத்திற்குத் துணையாயிருந்ததேயன்றி, முன் அறியாத ஒருவன் தனித்திருந்து வாசித்தறிவதற்கென ஆக்கப்பட்டதன்று. ஆசிரியன் பாடஞ் சொல்ல மாணாக்கன் கேட்டான். யாப்பின் ஓசை மயக்கந் தீர்த்தது. உரையாசிரியர் மரபு எஞ்சிய ஐயங்களைப் போக்கியது. பக்கத்திலே இல்லாத தெளிவை ஆசிரியன் நாவிலே பெற்றுக்கொண்டார்கள். இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. ஆசிரியனை அணுக இயலாதவனுக்கு ஏடும் இல்லை. எழுத்தறிவு சிலருக்கு உரியதாயிருந்தமைக்குச் சமுதாயக் காரணங்களே முதன்மையானவையெனினும், பக்கத்தின் மங்கலும் அவ்வேலிக்கு ஒரு தூணாயிற்று எனலாம்.

இம்மங்கலின் சுமையைப் பிற்காலத்துப் பதிப்பாசிரியர்களே முழுமையாக உணர்ந்தார்கள். கலித்தொகையை 1887 இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் கற்பிக்கும் மரபு அறுபட்டுப்போன நூல்களை ஏட்டிலிருந்து மீட்டனர். ஆசிரியன் இல்லாதபோது ஏடு எத்துணை ஊமையாகிவிடுகிறது என்பதற்கு அவர்கள் உழைப்பே சான்று.

அச்சும் ஏட்டின் நிழலும்

புதிய கருவி ஒன்று தோன்றும்போது அது முதலிற் பழைய கருவியையே பின்பற்றுவது வரலாற்றிற் பலமுறை காணப்படும் இயல்பாகும். 1554 இலே லிஸ்பனில் அச்சிடப்பட்ட தமிழ் நூல் றோமன் எழுத்தில் அமைந்திருந்தது. தமிழ் எழுத்திலேயே அமைந்த 'தம்பிரான் வணக்கம்' 1578 இலே கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியாரால் வெளியிடப்பட்டது. பதினாறு பக்கங்கொண்ட அச்சிறுநூலும், அதனையடுத்து வந்த தொடக்ககால அச்சு நூல்களும் ஏட்டு வழக்கையே பெரிதும் தழுவின. ஓலை துளைபடும் என்ற அச்சம் ஈயத்திற்கும் கடதாசிக்கும் இல்லை. எனினும், காரணம் நீங்கிய பின்பும் வழக்கம் நீங்கவில்லை.

தரங்கம்பாடியிலே சீகன்பால்க் ஐயர் 1713 அளவில் அச்சுவேலையைத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் தோன்றியது. ஜேர்மனியிலுள்ள ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் அளவிற் பெரியனவாயிருந்தன. நூலை அவற்றாற் கோத்தால் கடதாசி போதாதென்பது கண்டு, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். 1715 இலே புதிய ஏற்பாடு நிறைவுற்றது. எழுத்தின் அளவைக் கண்ணின் வசதி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. பொருளின் விலையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலே தெளிவாகக் காட்டும் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதும் இந்நூற்றாண்டிலேயே ஆகும்.

இலங்கையில் ஒல்லாந்தர் கொழும்பிலே நிறுவிய அச்சகத்திலிருந்து 1737 இற் சிங்கள நூலும், பின்னர் தமிழ் நூல்களும் வெளிவந்தன. கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இலே இங்கு அச்சாயிற்று. இவையெல்லாம் சமயப் பிரசாரத் தேவையால் எழுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆசிரியனின் துணையின்றித் தனித்து வாசிக்கவல்ல ஒரு வாசகனைத் தமிழ்ப் பக்கம் முதன்முதலாகக் கற்பனை செய்துகொண்டது இக்காலத்திலேயே என்பதை மறுத்தலாகாது.

நாவலரின் பக்கம்

அவ்வாசகனைக் கருத்தில் இருத்தித் தமிழ்ப் பக்கத்தை முறையாகத் திருத்தியமைத்தவர்களுள் ஆறுமுக நாவலர் (1822-1879) முதன்மையானவர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தமையால், மிசனரிமாரின் அச்சு நடைமுறைகளை அவர் நெருங்கி அறிந்திருந்தார். 1841 முதல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'உதயதாரகை' பத்தியும் தலைப்புங் கொண்ட பத்திரிகைப் பக்கத்தை ஏற்கெனவே அறிமுகஞ் செய்திருந்தது. 1848 இலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், அடுத்த ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாடசாலையும் அச்சகமும் அடுத்தடுத்து எழுந்தமை தற்செயலன்று. மாணாக்கன் கையிற் கொடுப்பதற்கு ஏற்ற பக்கம் வேண்டும் என்பதே இரண்டையும் இணைத்த நோக்கமாகும்.

நாவலர் செய்தவை எளியனபோலத் தோன்றும். வசனத்திலே காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளை ஒழுங்காகப் பயன்படுத்தினார். பொருள் மாறும் இடத்திலே பந்தி பிரித்தார். பாலபாடங்களைப் படிமுறையாக அமைத்து, தொடக்க வகுப்பினர்க்குச் சிறு வசனங்களையே வைத்தார். பெரியபுராணத்தை 1852 இலே வசனமாக வெளியிட்டார். இவற்றுள் எதுவும் அலங்காரம் அன்று. ஒவ்வொன்றும், முன்னர் ஆசிரியன் குரலில் இருந்த ஓர் உதவியைப் பக்கத்திற்கு இடம்பெயர்த்த செயலாகும். ஆசிரியன் மூச்செடுத்து நிறுத்திய இடம் காற்புள்ளியாயிற்று. 'இனி வேறு கேள்' என்று அவன் கூறிய இடம் பந்தியாயிற்று.

எளிமை என்பது அறிவைக் குறைத்தல் என்று கருதுவோர் அக்காலத்தும் இருந்தனர், இன்றும் உளர். நாவலரின் வசனம் இலக்கண வழுவற்றது. கடுமையான பதிப்பு நெறி கொண்டது. அவர் பொருளை எளிதாக்கவில்லை. பொருளை அடையும் வழியையே எளிதாக்கினார். இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு இன்றியமையாதது. வாசகன் படும் உழைப்பை ஆக்குவோன் தன்மேல் ஏற்றுக்கொள்வதே எளிமையின் உட்பொருளாகும்.

விசையும் வரியும்

இருபதாம் நூற்றாண்டிலே தமிழ் எழுத்து வேறிரு நெருக்கடிகளைச் சந்தித்தது. முதலாவது, நாளிதழின் வேகம். 1930 இலே தொடங்கிய 'வீரகேசரி' களனி ஆற்றின் தென்கரையிலுள்ள கிராண்ட்பாஸ் பகுதியிலிருந்து வெளிவந்தது. அச்சுக்கோப்பாளர் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெட்டிகளிலிருந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கோத்தனர். எச்செய்திக்குப் பெரிய தலைப்பு, எதற்குச் சிறிய தலைப்பு, எது மேலே, எது கீழே என்ற தீர்ப்பு நாள்தோறும் செய்யப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் முதன்மையானது எது என்று காட்டும் இக்கலையே, இன்று இணையத்தள வடிவமைப்பாளர் பேசும் படிநிலை ஒழுங்கின் முன்னோடியாகும்.

இரண்டாவது, தட்டச்சுப் பொறி. 247 எழுத்துக்களையும் ஐம்பதிற்குட்பட்ட விசைகளில் அடக்கவேண்டிய இடர்ப்பாட்டைச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த இ. முத்தையா தீர்த்துவைத்தார். எழுத்தை உறுப்புக்களாகப் பகுத்து, புள்ளியும் விசிறியும் போன்றன விழும்போது தாள் நகராதிருக்குமாறு நகரா விசைகளை அமைத்ததே அவர் கண்ட வழி. 1935 இலே பெரியார் ஈ. வெ. இராமசாமி 'குடி அரசு' இதழிற் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தமும், ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் பழைய தனி வடிவங்களை நீக்கி 1978 இலே தமிழ்நாட்டரசு பிறப்பித்த ஆணையும் இதே போக்கின் தொடர்ச்சியாகும். பொறிக்காக எழுத்து மாறவேண்டுமா, எழுத்துக்காகப் பொறி மாறவேண்டுமா என்ற விவாதம் அன்று எழுந்தது. அவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

இணையப் பக்கமும் எழுத்துருக் குழப்பமும்

உலகளாவிய வலையின் முதற்பக்கம் 1991 இலே ஜெனீவாவிற்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீயால் வெளியிடப்பட்டது. தலைப்பு, பந்தி, இணைப்பு ஆகியனவே அதில் இருந்தன. அப்பக்கத்தில் ஓர் உறுதியான கொள்கை இருந்தது. பக்கம் தன் உட்பொருளின் அமைப்பைச் சொல்லவேண்டும். அதன் தோற்றத்தை வாசகன் கையிலுள்ள பொறி தீர்மானித்துக்கொள்ளட்டும் என்பதே அக்கொள்கை. பின்னர் வணிகப் போட்டியால் ஓடும் எழுத்துக்களும் மின்னும் படங்களும் பெருகின. 1998 இலே தோன்றிய கூகிள் ஏறத்தாழ வெறுமையான முகப்பில் ஒரே தேடற்பெட்டியை மட்டும் வைத்தது, அவ்விரைச்சலுக்கு ஒரு மறுப்பாக அமைந்தது.

தமிழின் நிலை வேறாயிருந்தது. 1995 இலே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியபோது, கணினிகளின் உள்ளே தமிழுக்கெனப் பொதுவான குறியீடு வழக்கில் இல்லை. ஆதலால் ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைக்கும் உத்தி கையாளப்பட்டது. இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெரிதும் வழங்கிய 'பாமினி' எழுத்துரு இத்தகையது. அதில் 'அம்மா' என்னுஞ் சொல் கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசையாகவே கிடந்தது. அவ்வெழுத்துரு இருந்தாற் கண்ணுக்குத் தமிழ். இல்லையேல் பொருளற்ற கிறுக்கல். தேடற்பொறிக்கோ எப்போதும் கிறுக்கலே.

இவ்விடத்தில் வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டிய ஓர் ஒற்றுமை உண்டு. புள்ளியில்லாத ஏடு, மரபறிந்த ஆசிரியன் இருக்கும்வரை தெளிவாயிருந்தது. பாமினிப் பக்கமும், உரிய எழுத்துரு இருக்கும்வரை தெளிவாயிருந்தது. இரண்டிலும் தெளிவு பக்கத்தின் உள்ளே இல்லை, வெளியே இருந்தது. வெளியிலிருக்கும் துணை மறையும்போது பக்கமும் ஊமையாகிறது.

1999 இலே சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்த முயன்றது. 1991 முதல் தமிழுக்கும் இடமளித்திருந்த யுனிகோட் முறை, இயங்குதளங்களின் ஆதரவு பெற்ற பின்னர் படிப்படியாக வெற்றி பெற்றது. 1998 இலே தொடங்கிய மதுரைத் திட்டம், 2003 இலே தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2005 இலே ஈழத்து நூல்களைப் பேணத் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியவற்றின் பயன்பாடு விரிந்தமைக்கு இத்தரப்பாடு பெருந் துணையாயிற்று. இலங்கையிலும் 2008 இலே தமிழ்க் குறியீட்டிற்கான தேசியத் தரம் வெளியாயிற்று. 2010 இலே '.இலங்கை' என்னும் தமிழ் ஆட்களப் பெயர் அங்கீகரிக்கப்பட்டது. நாவலர் புள்ளியையும் பந்தியையும் பக்கத்தின் உள்ளே கொண்டுவந்ததுபோல, யுனிகோட் எழுத்தின் அடையாளத்தைப் பக்கத்தின் உள்ளே கொண்டுவந்தது.

பேலியகொடையின் வாசகர்

பக்கத்தின் தெளிவை அதன் வாசகரை விலக்கி அளவிட முடியாது. இக்காரணத்தால் ஓர் இடத்தை எடுத்து நோக்குதல் பயனுடைத்து. கிராண்ட்பாஸிலிருந்து களனி ஆற்றைக் கடந்தால் பேலியகொடை. 1875 இலே வித்தியாலங்காரப் பிரிவெனா இங்கு தொடங்கப்பெற்றது. அதன் வழிவந்த பல்கலைக்கழகம் 1959 இல் உருவாகி, 1978 முதல் களனிப் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்றது. இன்று இவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியப்படுவது அதன் சந்தைகளால் ஆகும். புறக்கோட்டையிலிருந்த மத்திய மீன்சந்தை இங்கு மாற்றப்பட்டது. அங்கிருந்தே பெயர்ந்த மெனிங் சந்தைக்கான புதிய கட்டடமும் 2020 நவம்பரில் இங்கு திறந்துவைக்கப்பட்டது.

இச்சந்தையின் வாசகர் யாவர்? வடக்கு, கிழக்குக் கரைகளிலிருந்து மீன் அனுப்புவோர், மலையகத்திலிருந்து மரக்கறி அனுப்புவோர், பாரவூர்திச் சாரதிகள், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடை வைத்திருப்போர், சுமை தூக்குவோர். இவர்களுட் பலர் தமிழிலே வாசிப்பவர். மேசைக் கணினி இவர்கள் கையில் இல்லை. விரிசல் விழுந்த சிறு கைத்தொலைபேசியே உண்டு. இரவிற் பயணஞ் செய்பவனுக்கும் விடியற்காலையில் விலை கேட்பவனுக்கும் வேண்டியவை சில விடயங்களே: சந்தை திறந்திருக்குமா, இன்றைய விலை என்ன, பாதை மூடப்பட்டதா, ஆற்று நீர்மட்டம் உயருகிறதா என்பன அவை. 2016 மே மாதத்திலே களனி ஆறு பெருகியபோது இரு கரையிலும் வாழ்ந்தோர்க்கு இறுதி வினா உயிர் வினாவாயிற்று. 2020 ஒக்ரோபரில் கோவிட் நோய் மீன்சந்தையிற் பரவி, சந்தை மூடப்பட்டபோது முதல் வினா பல மாவட்டங்களின் வாழ்வாதார வினாவாயிற்று.

இவ்வினாக்களுக்கு விடை பெரும்பாலும் எங்கோ ஓர் இணையத்தளத்தில் இருக்கிறது. மத்திய வங்கி நாள்தோறும் வெளியிடும் விலை அறிக்கையிற் பேலியகொடை மீன் விலைகளும் இடம்பெறுகின்றன. ஆயின், தாளில் அச்சிடுவதற்கென அமைத்த அட்டவணையைக் கைத்தொலைபேசித் திரையில் வாசிப்பது எளிதன்று. ஒரு எண்ணைக் காண்பதற்குப் பெருப்பித்தால் அது எம்மீனின் விலை என்னுந் தலைப்பு திரைக்கு வெளியே போய்விடும். அவசர அறிவித்தல்களிற் பல கடிதத் தாளின் ஒளிப்படமாகவே கைக்குக் கை பரவுகின்றன. அவற்றைத் தேட முடியாது. பார்வையற்றோர்க்கு வாசித்துக்காட்டும் பொறி அவற்றின் முன் மௌனஞ் சாதிக்கும். 1987 இலே பதின்மூன்றாந் திருத்தத்தாற் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும், மும்மொழித் தளங்களிலே தமிழ்ப் பகுதி ஏனையவற்றிலும் மெலிந்திருத்தல் பலகாலும் சுட்டிக்காட்டப்பட்ட குறையாகும்.

எழுத்தமைப்பிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. தமிழ்ச் சொற்கள் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஏற்று நீள்வன. ஒடுங்கிய திரையிலே ஆங்கிலத்திற்கு வகுத்த நிரல்களில் அவை அடங்குவதில்லை. மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் கொண்ட எழுத்துக்கள், வரிகளுக்கிடையே கூடுதலான வெளியை வேண்டுவன. ஆங்கிலப் பக்கத்தை அமைத்து முடித்தபின் தமிழை அதனுள் ஊற்றும் முறையினால், விசிறி வெட்டுண்டும் சொல் இடைமுறிந்தும் காணப்படுகின்றன. பெயர் எழுதாத சிறு சின்னங்களை மட்டும் வைத்து முகப்பை வெறுமையாக்குவதும் எளிமை ஆகாது. மூன்று கிடைக்கோடுகளின் பின்னே பட்டியல் மறைந்துள்ளது என்பதைப் பழகியவனே அறிவான். மற்றையோனுக்கு அது புள்ளியில்லாத ஏடு.

செயற்கை நுண்ணறிவும் புதிய இடையாளும்

2017 இலே வெளியான ஓர் ஆய்வின் வழிவந்த புதிய நரம்பு வலையமைப்பே இற்றைய மொழி இயந்திரங்களின் அடிப்படை. இவை எழுத்துக்களைத் துணுக்குக்களாக்கி, எத்துணுக்கை அடுத்து எது வரக்கூடும் என்று கணித்து இயங்குவன. துணுக்குப் பட்டியல் பெரிதும் ஆங்கிலத்தை அடியொற்றி அமைந்தமையாற் தமிழ் கூடுதலான துண்டுகளாக உடைபடுகிறது. 'தமிழ்' என்னுஞ் சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோட்டில் ஐந்து குறி. வழக்கமான சேமிப்பு முறையில் 15 பைற்று. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைற்று. துண்டுகளின் எண்ணிக்கைப்படி கட்டணம் கணிக்கப்படும் சேவைகளிலே இவ்வேறுபாடு செலவாகவும் மாறுகிறது. தரங்கம்பாடியிலே கடதாசியின் விலை எழுத்தின் அளவைத் தீர்மானித்த கதை வேறோர் உருவில் மீளுகிறது.

இவ்வியந்திரங்கள் இரு வழிகளிலே பக்கத்தைப் பாதிக்கின்றன. ஒன்று, அவை பக்கத்தை ஆக்குகின்றன. ஆங்கிலப் பக்கங்களைப் பெரும்பான்மையாகக் கற்றமையால், கேட்போர்க்கெல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்பையே தருகின்றன. தமிழைக் கேட்டால் இலக்கணப் பிழை அதிகமின்றியும் பொருள் பிடிபடாத வசனங்களைச் சரளமாகப் பெய்கின்றன. முன்பு பக்கத்தை ஆக்குதல் உழைப்பாயிருந்தமையால், வேண்டாதவற்றை எழுத எவரும் விரும்பவில்லை. இன்று சொற்களுக்கு விலையில்லை. எனவே, எதை நீக்குவது என்னுந் தீர்ப்பே வடிவமைப்பாளனின் தலையாய தொழிலாகிறது.

மற்றொன்று, அவை பக்கத்தை வாசிக்கின்றன. தளத்திற்குச் செல்லாமலே இயந்திரத்தைக் கேட்டு விடை பெறுவோர் தொகை பெருகுகிறது. இதனை முன்னிட்டுச் சிலர், இனிப் பக்கத்தின் தெளிவு வேண்டியதில்லை, குழம்பிய பக்கத்தையும் இயந்திரம் வாசித்துச் சுருக்கித் தரும் என்பர். இக்கூற்று மேலோட்டமாக உண்மைபோலத் தோன்றும். ஒளிப்படத்திலுள்ள தமிழையும் இன்றைய இயந்திரங்கள் ஓரளவு வாசிக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயின், மூன்று விடயங்களை அவர்கள் மறக்கின்றனர். முதலாவது, பக்கத்தில் இல்லாததை இயந்திரம் வாசிக்க இயலாது. திகதி குறிக்காத அறிவித்தல் நேற்றையதா சென்ற ஆண்டினதா என்பதை எவ்வியந்திரம் அறியும்? இரண்டாவது, இல்லாததை அது இட்டு நிரப்பவுங் கூடும். 'காகம்' 'கரகம்' ஆன மயக்கம் ஏடு பெயர்த்தெழுதியோர் கையிற் பாடபேதமாயிற்று. விலைப்பட்டியலில் ஓர் எண் மாறினாலோ அது வியாபாரியின் நட்டமாகும். மூன்றாவதே முதன்மையானது. இயந்திரத்தின் விடையைச் சரிபார்க்க விரும்பும் வாசகனுக்கு, தானே சென்று வாசிக்கத்தக்க மூலப்பக்கம் ஒன்று வேண்டும்.

இங்கே வரலாறு ஒரு வளையமாகத் திரும்புகிறது. ஏட்டுக் காலத்தில் வாசகனுக்கும் பக்கத்திற்கும் இடையே ஓர் இடையாள் இருந்தான். அவனின்றிப் பக்கம் பேசவில்லை. அச்சும் நாவலரின் வசனமும் பொதுக்கல்வியும் சேர்ந்து அவ்விடையாளின் இன்றியமையாமையைக் குறைத்தன. இன்று, பக்கம் குழம்பியிருக்கட்டும், இயந்திரம் விளக்கிச் சொல்லும் என்று அமைதி காண்போமாயின், மீண்டும் ஓர் இடையாளை ஏற்கிறோம். ஏட்டாசிரியன் தன் மாணாக்கனை அறிந்திருந்தான். தான் கற்ற மரபுக்குக் கடமைப்பட்டிருந்தான். புதிய இடையாளோ தொலைவிலுள்ள வணிக நிறுவனங்களின் உடைமை. தமிழை அது அறிந்த அளவும் சிறிது. அத்துணையை வேண்டாமென ஒதுக்குவது அறிவுடைமையன்று. அத்துணை இன்றியும் வாசிக்கத்தக்க பக்கம் இருக்கும்போதே அது துணையாகும். இல்லாதபோது அது தளையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழ்ப் பக்கத்தின் தெளிவு எக்காலத்தும் கருவியிலிருந்து தானாகத் தோன்றவில்லை என்பது பெறப்படும். அச்சு வந்தபின்னும் மங்கல் நீடித்தது. கணினி வந்தபின் புதிய மங்கல் உருவாயிற்று. வாசகன் யார் என்று எவரேனும் கேட்டு, அவனுடைய சுமையைத் தாம் ஏற்றுக்கொண்டபோதே தெளிவு பிறந்தது. பள்ளி மாணாக்கனை நினைந்தே நாவலர் பந்தி பிரித்தார். 247 எழுத்துக்களையும் தட்டவேண்டிய கையை நினைந்தே முத்தையா விசைகளை வகுத்தார்.

இற்றைத் தேவைகள் பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. அறிவித்தலை ஒளிப்படமாக அன்றி யுனிகோட் எழுத்தாக வெளியிடல். தலைப்பைத் தலைப்பென்றும் அட்டவணையை அட்டவணையென்றும் கணினிக்கும் விளங்குமாறு குறித்தல். திகதியையும் வெளியிட்டோர் பெயரையும் முதலிற் கூறல். தமிழை மொழிபெயர்ப்பாக இறுதியிற் சேர்க்காது தொடக்கத்திலேயே தமிழிற் சிந்தித்து அமைத்தல். இயந்திரம் எழுதித்தந்ததை வெளியிடுமுன் தமிழறிந்த ஒருவர் வாசித்து வேண்டாதவற்றை நீக்கல் என்பன அவற்றுட் சில. இவை கண்ணுக்கும் தெளிவு, இயந்திரத்திற்கும் தெளிவு. பல்கலைக்கழகங்களிலே தமிழையும் வரலாற்றையும் கற்போர் இப்பணி கணினித் துறையினர்க்கே உரியது என்று ஒதுங்குதல் பொருந்தாது. பதிப்பு நெறியும் பாடபேதமும் வசன அமைதியும் அறிந்தோர் அவர்களே. விடியற்காலையிற் பேலியகொடையில் நின்று கைத்தொலைபேசியைப் பார்க்கும் ஒருவர், பிறரைக் கேளாது தாமே விலையை வாசித்தறிந்தால், நாவலர் தொடக்கிய வேலை அன்றைக்கு ஓரளவு நிறைவேறிற்று எனலாம்.